சங்கிலி மாட்ட வேண்டிய சக்கரம்

லோங்கிமாய்,
மே 15, 1988

அன்புள்ள அம்மா,

அப்பா தூங்கிவிட்டார். அடுப்புக்கு விறகு போட நடுவில் ஒரு தடவை எழுந்து வருவார். அதற்குள் இதை முடிக்க வேண்டும். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவசரம்தான்.

என் பிறந்தநாளுக்கு நீ மிரேயா வீட்டு முகவரிக்கு அனுப்பிய அட்டை கிடைத்தது. மிரேயாவின் அம்மா அதை மாவுப் பையின் அடியில் வைத்திருந்து கொடுத்தார். அவரைத் தவிர இந்த ஊரில் எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. மற்ற எல்லாரும் ஒன்று அப்பாவோடு சீட்டு விளையாடுபவர்கள், இல்லையென்றால் அப்பாவின் லாரியில் விறகு வாங்குபவர்கள்.

சுனில்தா அத்தை ஜூன் நடுவில் வருகிறாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் நடத்தும் விடுதிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். படுக்கை விரிக்க, பாத்திரம் கழுவ. நேற்றுச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: “பொம்பளப் புள்ள எட்டாவது படிச்சதே ஜாஸ்தி. அத்தைக்கு ஒரு கை வேணுமாம்.” பள்ளிக்கூடம் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீ போனாய். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. ரொட்டி கொண்டுபோவதற்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று அட்டையில் எழுதியிருந்தாயே, அதைப் பல தடவை படித்தேன். பஸ்ஸில் நான் வர முடியாது. அம்புவேரோ மாமாதான் ஓட்டுகிறார். கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார், சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிடுவார். நீ வந்தால்தான் உண்டு.

அத்தை வருவதற்குள் வருவாயா?

அப்பா இருமுகிறார்.

மரிசெல்


தெமூக்கோ,
மே 24

என் செல்லமே,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. ரொட்டிக் கடை முதலாளி தோன் லெயாந்திரோ எட்டிப் பார்த்து, “என்ன ஹெர்மினியா, இன்னிக்கு கரி விக்கிறோமா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கருகிய தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, கடையின் ரெனோலேட்டா காரை ஒரு நாளைக்குக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். அப்புறம் சரி என்றார்.

ஆனால் கண்ணு, நான் ஓட்டுவதெல்லாம் இந்த ஊர்த் தெருவில்தான். மழையில் ஓட்டியிருக்கிறேன். பனியில் ஓட்டியதே இல்லை. அங்கே பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தினேன், பனி பெய்தால் உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. உனக்குத்தான் எல்லாம் தெரியும். மூக்கு சிவக்க அவரோடு லாரிக்கடியில் கிடந்தவள் நீ. வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும், எழுது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுது.

ஒரு மாதம் என்று சொன்னேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு அந்த மர லாரியில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. இங்கே வந்தால் தங்கியது ஒரு மாவு மூட்டை அறையில். உன்னை எங்கே படுக்க வைப்பேன் என்றுதான் முதல் மாதம் தள்ளிப்போனது. அப்புறம் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. இப்போது எனக்கு ஜன்னல் வைத்த அறை இருக்கிறது. இரண்டு பேர் படுக்கலாம்.

நீ நாளைச் சொல். நீ சொல்லும் நாளில் நான் அங்கே இருப்பேன். பதில் வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காதே.

அம்மா


லோங்கிமாய்,
மே 31

அன்புள்ள அம்மா,

ஜூன் பத்து, வெள்ளிக்கிழமை. அன்று அப்பா மேல் காட்டில் விறகு ஏற்றுகிறார், இருட்டிய பிறகுதான் வருவார். காலை இடைவேளை மணி அடித்ததும் நான் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், விறகுக் கொட்டகையருகே நிற்பேன். நீ இறங்கவே வேண்டாம்.

இனி வண்டி. ஒன்றையும் விட்டுவிடாதே, அம்மா.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் முதலில் அதை முழுக்க இறக்கிவிட்டு, உறையாத கூலன்ட் ஊற்றச் சொல். பேருக்குக் கொஞ்சம் கலந்தால் போதும் என்று கடைக்காரன் சொல்வான், கேட்காதே, எங்கே போகிறோம் என்று சொல். பேட்டரி பழையது என்றால் முந்தின ராத்திரி கழற்றி உள்ளே அடுப்புப் பக்கத்தில் வை. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இரவு நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்து. ஹேண்ட் பிரேக் இழுக்காதே, உள்ளே ஈரம் உறைந்து காலையில் சக்கரம் சுற்றாது. வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்து. பின்னால் மண்வெட்டி, இரண்டு மூட்டை மணல், போர்வை. மணல் சறுக்கும் இடத்தில் தூவ.

எங்கேயாவது மாட்டிக்கொண்டு சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டால், அடிக்கடி இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியைத் தள்ளிவிடு. குழாய் மூடிக்கொண்டால் புகை உள்ளே வரும். வாசனை தெரியாது. தூக்கம்தான் வரும்.

பிரேக்கை மிதிக்காதே. இறக்கத்தில் சின்னக் கியர்.

சங்கிலிதான் முக்கியம், பனியில் சக்கரத்துக்கு அதுதான் பிடிப்பு. மலல்காவெல்யோ தாண்டி ஏற்றம் தொடங்கும் முன்பே மாட்டிவிடு. சிக்கிக்கொண்ட பிறகு மாட்டலாம் என்று போனவர்கள் யாரும் மேலே போய் மாட்டியதில்லை. பின் சக்கரங்கள் இரண்டிலும் மாட்டு. சங்கிலியைத் தரையில் முறுக்கில்லாமல் விரித்து, அதன் மேல் வண்டியை ஏற்றி, உள்பக்கக் கொக்கியை முதலில் போடு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடியும் இறுக்கு. அப்பா எப்போதும் சொல்வார்: “முன்சக்கரம் வழி காட்டுறது, பின்சக்கரம்தான் வேலை செய்யறது. வேலை செய்யறவனுக்குத்தான் செருப்பு.”

சுரங்கப் பாதைக்குள் விளக்கைப் போட்டுக்கொள். மேலேயிருந்து பனிக்கட்டி ஊசியாகத் தொங்கும், பயப்படாதே. உள்ளே ஒரு வண்டிக்குத்தான் வழி, எதிரே வண்டி வந்தால் அந்தப் பக்கத்துக் காவலாள் நிறுத்தி வைப்பான்.

இவ்வளவையும் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. பகலில் பயமாகத்தான் இருக்கிறது. அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் நெற்றியில் நாள் எழுதியிருப்பதுபோல் இருக்கிறது.

மரிசெல்


தெமூக்கோ,
ஜூன் 6, திங்கள்

என் செல்லமே,

கூலன்ட் ஊற்றியாகிவிட்டது. மண்வெட்டி தோன் லெயாந்திரோவின் அடுப்புச் சாம்பல் அள்ளும் மண்வெட்டி. மணலுக்குப் பதிலாக இரண்டு மூட்டை உமி கொடுக்கட்டுமா என்று கேட்டார், உன் கடிதத்தைக் காட்டினேன், போய் மணல் வாங்கி வந்தார். பேட்டரியை உள்ளே கொண்டுவந்து ரொட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்துத் தூங்கிப் பழகுகிறேன், குழந்தை மாதிரி.

இப்போது சிரிக்காமல் கேள். பக்கத்தில் நொர்மா என்று ஒருத்தி டயர் கடை வைத்திருக்கிறாள். சங்கிலியை அவளிடம்தான் இரவல் வாங்கினேன். நேற்று அவள் கடை வாசலிலேயே மாட்டிப் பழகினேன், நீ சொன்னபடி விரித்து, ஏற்றி, உள்கொக்கியை முதலில். பெருமையாக நிமிர்ந்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “யாருக்குக்கா இந்த அலங்காரம்? இந்த வண்டி முன்னாடி இழுக்கிற வண்டி. பின்னால கட்டினா மாட்டு வாலைப் பிடிச்சு ஓட்டுற மாதிரி” என்றாள். உன் அப்பாவின் லாரியைப்போல் இல்லையாம் இது. முன் சக்கரம்தான் வழி காட்டுவதும் வேலை செய்வதும். பின்னால் மாட்டிப் போயிருந்தால் முதல் வளைவிலேயே மூக்கு நேராகப் பள்ளத்துக்குப் போயிருக்குமாம்.

அதனால் முன்னால் மாட்டிப் பழகிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுகூட இப்போது மாட்டுவேன். நீ கவலைப்படாதே, உன்மேல் தப்பில்லை. உங்கள் ஊரில் எல்லாமே பின்னால் இழுக்கிற வண்டிதானே.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்புகிறேன். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்திருக்கிறேன். மஞ்சள். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம்.

அம்மா


லோங்கிமாய்,
ஜூன் 9, வியாழன் இரவு

அம்மா,

இது உனக்கு வந்து சேராது என்று தெரியும். செவ்வாயிலிருந்து பனி கொட்டுகிறது, சுரங்கப் பாதையை மூடிவிட்டார்கள், தபால் பை மூன்று நாளாக அந்தப் பக்கம் கிடக்கிறது. நாளை காலை திறக்கிறார்கள், சங்கிலி மாட்டிய வண்டிக்கு மட்டும். நீ சொன்ன சொல்லை வைத்துப் பார்த்தால் நாளை நீ வருவாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று மதியம் இபகாச்சே சார் தன் சிட்ரோநெட்டா காரை வெளியே எடுத்தார். இந்த வருஷம்தான் சமவெளியிலிருந்து வந்தவர், இங்கே இதுதான் அவருக்கு முதல் பனி. முன் சக்கரங்களில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். வகுப்பே ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தது. மிரேயா கத்தினாள்: “சார், கால் செருப்பைக் கையில மாட்டியிருக்கீங்க.” நான்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.

சார் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, “உங்க லாரிங்க கையால நடக்காது. இது கையால நடக்கிற வண்டி. இதுவும் சரி, ரெனோலேட்டாவும் சரி, முன்னாடிதான் இழுக்கும். பின்னால மாட்டினா நேரா ஆத்துக்குத்தான்” என்றார்.

அவர் ரெனோலேட்டா என்று சொன்னது என் காதில் விழுந்த பிறகும் என் வாய் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தது.

நான் உன்னைப் பின்னால் மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுது என்றாய். நான் சொன்னதைத்தான் நீ செய்வாய்.

மிரேயா வீட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து கடைக்குப் போய்ப் போன் செய்து பார்த்தோம், மலைக்கு அந்தப் பக்கம் கம்பி அறுந்து கிடக்கிறதாம். போலீஸ் நிலையத்தில் ரேடியோ இருக்கிறது. சார்ஜென்ட் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை சீட்டாடுகிறவர். சார் தங்கியிருப்பதும் அந்தச் சார்ஜென்ட் வீட்டில்தான். இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் அப்பாவிடம் சொன்னதுதான். அப்படியே சொன்னாலும், விடிவதற்குள் சுரங்கத்தைத் தாண்டி, நீ ஏற்றத்தில் ஏறுவதற்கு முன்னால் அங்கே போய் நிற்க அப்பாவின் லாரியால் மட்டும்தான் முடியும், சுரங்கத்துக் காவலாளும் அவருக்கென்றால்தான் ராத்திரியில் திறந்துவிடுவான்.

அவர் இப்போது சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காட்டுக்குப் போக முடியுமா என்று வானத்தைப் பார்க்கிறார். அடுப்புக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது.

சொல்லாவிட்டால் நீ அந்த வளைவுக்கு வருவாய். சொன்னால் நான் உன்னிடம் வரவே முடியாது. வெகு நேரமாக இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வழி ஏதாவது இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, அம்மா. ஆனாலும் எழுந்திருக்கிறேன்.

மரிசெல்


லோங்கிமாய்,
ஜூன் 11, சனி

அம்மா,

இதை நான் அனுப்பப் போவதில்லை.

அன்று நான் சொன்னதும் அப்பா கையை ஓங்கவில்லை. அடிப்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ரெனோலேட்டாவா?” ஆமாம் என்றேன். “எந்தச் சக்கரம்னு எழுதின?” சொன்னேன். உடனே பூட்ஸை மாட்டினார். அவசரத்தில் அதன் கொக்கிகளை மாற்றி மாற்றிப் போட்டார். என்னை உள்ளே வைத்து வெளியே தாழ் போட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று மதியம் திரும்பி வந்தார். கதவைத் திறந்தார். “உயிரோட இருக்கா. திரும்பிப் போயிட்டா” என்றார். அவ்வளவுதான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். நீ இருக்கிறாய் என்றால் அத்தை வீட்டுக்குப் போனால் என்ன, எங்கே போனால் என்ன என்று இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இன்று தபால் பை வந்தது. மிரேயாவின் அம்மா உன் திங்கட்கிழமைக் கடிதத்தைக் கொடுத்தார்.

நொர்மா. முன் சக்கரம். கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன் என்கிறாய். மஞ்சள் திரைச்சீலை.

நீ வந்திருப்பாய். இடைவேளை மணிக்கு விறகுக் கொட்டகைப் பக்கம் வந்து நின்றிருப்பாய். நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாலே போதும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாக எழுந்து போய்ச் சொன்னேன்.

இந்தக் கடிதம் அடுப்புக்குத்தான்.


தெமூக்கோ,
ஜூன் 12, ஞாயிறு

என் செல்லமே,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஒரு கீறல்கூட இல்லை.

மலல்காவெல்யோ தாண்டி முதல் ஏற்றத்துக்கு முன்னால் உன் அப்பாவின் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. விளக்கை எரியவிட்டு, வெளியே நின்றுகொண்டிருந்தார். தொப்பியில் அவ்வளவு பனி, வெகு நேரமாக நின்றிருக்க வேண்டும். வண்டியை நிறுத்தினேன். திருப்பக்கூடத் தோன்றவில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

“இதுலயா வந்த?” என்றார்.

“வந்துட்டேன்ல.”

“அவளே வந்து சொன்னா. நீ செத்துப் போயிடுவியோன்னு அழுதா.”

அவர் வண்டியைச் சுற்றி வந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

நீ பயந்தபடியேதான், மரிசெல். சங்கிலி பின்னால்தான் இருந்தது. நீ எழுதியபடியே மாட்டியிருந்தேன், எனக்கு என்ன தெரியும். உன் அப்பாதான் கழற்றி முன்னால் மாட்டிக் கொடுத்தார். அவர் வந்திருக்காவிட்டால் நான் அந்த வளைவில் போயிருப்பேன். நீ அவரிடம் சொன்னதால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதைப் பல தடவை படி. நீ செய்தது சரி. வேறு எதையும் நினைக்காதே.

உன்னைப் பற்றிக் கேட்டேன். விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன், ரோட்டில் நின்று கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, “நீ ஒரு தடவை கிளம்பிப் போனப்ப நான் நிறுத்தல. அந்தத் தப்ப ரெண்டாவது தடவை பண்ண மாட்டேன்” என்றார். அவர் நகரவில்லை. நான்தான் திருப்பினேன்.

திங்கட்கிழமை நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். பனியில் தொலைந்திருக்கும். ஒருவேளை வந்தால் படிக்க வேண்டாம், கிழித்துப் போட்டுவிடு. அதில் ஒன்றுமில்லை, மாவு, அடுப்பு, அந்த மாதிரி விஷயம்தான்.

அம்மா


லோங்கிமாய்,
ஜூன் 17, வெள்ளி

அன்புள்ள அம்மா,

உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் கிடைத்தது. திங்கட்கிழமைக் கடிதம் வரவில்லை. பனியில் ஒரு பை நனைந்து வீணாகிவிட்டது என்று மிரேயாவின் அம்மா சொன்னார், அதில் போயிருக்கும்.

சங்கிலி பின்னால் இருந்தது என்று நீ எழுதியதைப் பல தடவை படித்தேன், நீ சொன்னபடியே. நான் சொன்னது நல்லதாகப் போயிற்று. எனக்கு இப்போது மனசு லேசாக இருக்கிறது. நீ அதைப் பற்றி யோசித்துக்கொண்டு தட்டு தட்டாக ரொட்டியைக் கருக்காதே.

அத்தை வந்துவிட்டாள். நாளைக் காலை கிளம்புகிறோம். கணவாய் மூடினால் செப்டம்பர் வரை தபால் வராது, அதனால் நான் எழுதவில்லை என்று நினைக்காதே. புது முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அத்தையின் விடுதிக்கு வருகிறவர்களில் ஒரு லாரி டிரைவர் கடிதம் வாங்கிக்கொள்வார் என்று மிரேயா விசாரித்துச் சொன்னாள். பெயர் தெரிந்ததும் எழுதுகிறேன். பள்ளிப் புத்தகங்களை எடுத்துப்போக அத்தை விட்டாள். துணிப் பெட்டியில் இடம் இருக்கிறதாம்.

இன்று சாயங்காலம் அப்பா நாளைய பயணத்துக்காக லாரிக்குச் சங்கிலி மாட்டினார். வழக்கம்போல் நான் தரையில் விரித்துக் கொடுத்தேன். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உள்கொக்கியை மாட்டும்போது சக்கரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நல்லாத்தான் ஓட்டுறா உங்கம்மா.”

நான் கேட்டேன், “எப்படித் தெரியும்ப்பா?”

அவர் கொக்கியை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை.

ஓட்டுவதை விட்டுவிடாதே, அம்மா.

மரிசெல்